பூட்டிய வீட்டில் ஓடும் மின்மானி

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு வகைப்படும் என்று நம் இலக்கணங்கள் கூறும். பாக்கை எண்ணியும், பொன்னை நிறுத்தும், நெல்லை முகந்தும், துணியை நீட்டியும் நம் முன்னோர் அளந்தனர். அளக்கப்படும் பொருள் இரு திறத்தார் கண்ணெதிரிலும் கிடந்தமையின், விற்பவன் குறைத்தளந்தால் கொள்பவன் அப்பொழுதே கண்டுகொள்ளலாம். இக்காலத்தில் நாம் விலை கொடுத்துக் கொள்ளும் பண்டங்களுள் ஒன்று மட்டும் கண்ணாற் காணவும் கையால் ஏந்தவும் இயலாதது. அது மின்சாரம். அதனை அளந்து கணக்குச் சொல்லும் சிறு பெட்டியொன்று வீட்டு வாயிலில் இருக்கின்றது. மக்கள் அதனை மீட்டர் என்பர். நாம் இக்கட்டுரையில் மின்மானி எனவும், சுருக்கமாக மானி எனவும் வழங்குவோம்.

ஒரு குடும்பத்தார் தம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் சென்றனர் என்று கொள்வோம். அவர்கள் புறப்படும்போது விளக்குகளை அணைத்தனர், விசிறிகளை நிறுத்தினர், குளிர்பெட்டியைக் காலி செய்து அதன் கம்பியையும் பிடுங்கி வைத்தனர். இரு திங்கள் கழித்து, அஃதாவது 60 நாள் சென்று, திரும்பியபோது மின்மானி 10 யூனிட் கூடுதலாகக் காட்டுகின்றது. வீட்டார், "மானி பொய் சொல்கின்றது" என்கின்றனர். கணக்கெடுக்க வந்தவர், "மானி பொய் சொல்லாது, நீங்கள் எதையோ நிறுத்த மறந்திருப்பீர்கள்" என்கின்றார். அண்டை வீட்டார், "யாரோ உங்கள் மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றனர்" என்கின்றனர். பத்து யூனிட்டுக்கு விலை பெரிதன்று; ஆகவே மூவரும் சிறிது நேரம் வாதிட்டுத் தத்தம் வேலைக்குப் போய்விடுகின்றனர்.

இம்மூவர் கூற்றும் உண்மையாதல் கூடும். ஆனால் இவர்கள் மூவரும் நினையாத நான்காவது காரணம் ஒன்றுண்டு. அதுவே பணத்தையன்றி உயிரைத் தொடுவது. எனவே, இப்பத்து யூனிட் எங்ஙனம் வந்தன என்பதை முறையாக ஆராய்தல் நமக்குக் கடனாகின்றது. தமிழ் பயிலும் மாணவர்க்கு மின்சார ஆராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். விளக்கின்கீழ் இருந்து நூல் கற்பவர், அவ்விளக்கிற்கு ஆகும் கணக்கையும் ஓரளவு அறிந்திருத்தல் தவறாகாது என்பதே நம் விடை.

மானி அளப்பது யாது?

முதற்கண், மானி எதனை அளக்கின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். நாம் 'பயன்படுத்திய' மின்சாரத்தை அது அளக்கின்றது என்று பலரும் எண்ணுகின்றனர். அங்ஙனம் அன்று. பயன் என்பது மனிதர் கருத்து. அது பெட்டிக்குத் தெரியாது. தன்னைக் கடந்து செல்லும் மின்னாற்றலை மட்டுமே மானி அளக்கும். அவ்வாற்றல் விளக்காய் எரிந்ததோ, சுவரின் ஈரத்திற் கசிந்ததோ, பிறர் வீட்டுக்குச் சென்றதோ அதற்கு ஒன்றே. 1000 வாட் ஆற்றல் ஒரு மணி நேரம் செலவானால் அஃது ஒரு யூனிட். இவ்வொரு கணக்கையே அது விடாமல் எழுதிக்கொண்டிருக்கின்றது.

மின்சாரத்தை அளக்கும் வழி எளிதில் கிடைத்துவிடவில்லை. 1882-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் மின்விளக்கு வாணிகம் தொடங்கிய எடிசன் என்பார், துத்தநாகத் தகடுகளை அத்துத்தநாகத்தின் உப்புக் கரைந்த நீரில் அமிழ்த்தி, அதன்வழி மின்சாரத்தில் ஒரு சிறு பகுதியைச் செலுத்தினார். மின்சாரம் செல்லச் செல்ல ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றொரு தகட்டில் படியும். தகட்டை எடுத்து நிறுத்துப் பார்த்துக் கணக்கிடுவர். ஆகவே மின்சாரமும் ஒரு காலத்தில் துலாக்கோலால்தான் அளக்கப்பட்டது என்பது அறிந்து மகிழத்தக்கது. ஆனால் அந்த நிறையை வீட்டுக்காரர் தாமே பார்த்தறிய இயலாது. விற்றவர் சொன்னதே கணக்கு.

பின்னர், திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் வழக்கத்திற்கு வந்தது. 1888-இல் அமெரிக்க நாட்டு ஷாலன்பர்கர் என்பார் ஒரு விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதனுள் தவறி விழுந்த சிறு சுருள்வில் ஒன்று காந்த வலியால் தானே சுழலுவதைக் கண்டார். அச்சுழற்சியையே அளவாகக் கொண்டு மானி செய்யலாம் என்பது அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டு, 1889-இல், ஹங்கேரி நாட்டு ஓட்டோ பிளாத்தி என்னும் பொறியியலார் ஆற்றலை நேரே அளக்கும் சுழல்தட்டு மானியை அமைத்தார். நம் பாட்டனார் காலந்தொட்டு வீடுகளில் ஓடிய தட்டு மானிகள் எல்லாம் அதன் வழிவந்தனவே.

அதன் உள்ளமைப்பைச் சுருக்கிக் கூறுவோம். மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்று இருமருங்கும் காந்தச் சுருள்கள் அமைய நடுவே கிடைநிலையில் நிற்கும். ஒரு சுருள் மெல்லிய கம்பியாற் பல சுற்றுக்கள் சுற்றப்பெற்றது, அது மின்னழுத்தத்திற்குரியது. மற்றது தடித்த கம்பியாற் சில சுற்றுக்களே உடையது; அதன்வழியேதான் வீட்டிற்குரிய மின்னோட்டம் முழுதும் செல்லும். இரண்டும் ஒருங்கே தொழிற்படும்போது தட்டில் சிறு சுழலோட்டங்கள் பிறந்து, அதனைத் தள்ளும். தட்டு வரம்பின்றி விரையாதபடி ஒரு நிலைக்காந்தம் அதனைப் பிடித்து நிற்கும். இவ்விரண்டும் ஒத்து நிற்றலால், ஆற்றல் எவ்வளவோ அவ்வளவே தட்டின் வேகமும் ஆகும். ஒரு யூனிட்டுக்கு இத்தனை சுற்று என்பது மானியின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இங்கே கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று. மின்னோட்டச் சுருளில் நாம் ஏதேனும் இயக்கினாலன்றி ஓட்டம் இல்லை. மின்னழுத்தச் சுருளோ இரவும் பகலும் ஓய்வின்றி விழித்திருக்கின்றது. பின்வரும் குற்றத்துக்கு இதுவே தோற்றுவாய்.

மானியின் குற்றம்

தட்டு சுழலும்போது அதன் அச்சில் சிறிது உராய்வு இருக்கும். ஒரு சிறு விளக்கு மட்டும் எரியும்போது, அவ்வுராய்வே தட்டை நிறுத்திவிடக்கூடும், விற்பவர்க்கு நட்டமாகும். இதனைப் போக்க, மானி செய்வோர் மின்னழுத்தச் சுருளின் வலியாலேயே தட்டுக்கு ஒரு நுண்ணிய தள்ளுதலைக் கொடுத்து வைப்பர். அத்தள்ளுதல் உராய்வுக்குச் சரியாக இருக்குமளவும் நன்று. அது மிகுந்துவிட்டாலோ, மின்னழுத்தம் வழக்கத்திற்கு மேல் உயர்ந்தாலோ, மானி பொருந்திய சுவர் ஓயாது அதிர்ந்தாலோ, வீட்டில் ஒன்றும் இயங்காதபோதும் தட்டு மெல்ல ஊர்ந்து செல்லும். இதனைப் பொறியியலார் ஊர்தல் என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றனர்.

இதற்கு அவர்கள் கண்ட மருந்து மிக எளிது. தட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு சிறு துளைகள் இடுவர். ஊர்ந்து வரும் தட்டின் துளை காந்தத்தின் முகத்துக்கு நேரே வந்ததும் தட்டு அங்கே தங்கிவிடும். ஆகவே, எல்லாவற்றையும் நிறுத்தியபின் தட்டு சிறிது தூரம் நகர்ந்து, ஒரு சுற்று முடியுமுன் நின்றுவிட்டால், அது குற்றமன்று. ஒரு சுற்றைக் கடந்து மறு சுற்றும் தொடர்ந்து சுழலுமாயின், ஐயம் பிறத்தற்கு இடமுண்டு.

600 சுற்றுக்கு ஒரு யூனிட் என்று பொறிக்கப்பட்ட மானி ஒன்று, 60 நாளில் 10 யூனிட் காட்ட வேண்டுமாயின், 6000 முறை சுழலவேண்டும். அது நாள் ஒன்றுக்கு 100 சுற்று. அஃதாவது, 14 நிமிடத்துக்குச் சற்று மேற்பட்டு ஒரு சுற்று. இத்துணை மந்தமான நடையை நின்று பார்ப்பவர் அரியர். ஒரு நிமிடம் நோக்கிவிட்டு, "தட்டு நிற்கின்றது" என்று சொல்லிச் செல்பவரே பலர்.

இப்பொழுது தட்டு மானிகள் மறைந்து வருகின்றன. நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, நுகர்வோர்க்குப் பொருத்தப்படுவன சுழலும் உறுப்பில்லாத மின்னணு மானிகளாக இருத்தல் வேண்டும். இவற்றில் தட்டு இல்லை, உராய்வும் இல்லை, ஆகவே பழைய முறையில் ஊர்தலும் இல்லை. தட்டுக்கு மாறாக ஒரு சிறு செவ்விளக்கு விட்டு விட்டு இமைக்கும். 3200 இமைப்புக்கு ஒரு யூனிட் என்பது பல மானிகளிற் காணப்படும் கணக்கு.

கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரை என்று கொண்ட நம் இலக்கண ஆசிரியர், குறிலுக்கு ஒன்றும், நெடிலுக்கு இரண்டும் கூறியதோடு அமையாது, குற்றியலுகரத்துக்கு அரையும், மகரக் குறுக்கத்துக்குக் காலும் வகுத்துச் சென்றனர். செவிக்குப் புலனாகாத சிற்றொலியையும் கணக்கிற் கொள்ளாது விடுதல் கூடாது என்பது அவர் கொள்கை. மின்னணு மானியும் இக்கொள்கையுடையதே. பழைய தட்டு உராய்வினால் காணாது விட்ட குறுக்கங்களை எல்லாம் இது கண்டு எழுதுகின்றது. "புது மானி வந்தபின் கணக்கு ஏறிற்று" என்று மக்கள் கூறும் குறையில் ஒரு பகுதிக்குக் காரணம் இதுவாகலாம். எனினும், மின்னணு மானியும் பழுதுபடாப் பொருளன்று என்பதை மறத்தலாகாது.

நிறுத்தியும் நில்லாதன

இனி, வீட்டார் எதையோ மறந்தனர் என்ற கூற்றைப் பார்ப்போம். பழைய நாளில் சுவிட்சை அழுத்தினால் விளக்கு அணைந்தது. அத்துடன் செலவும் நின்றது. இக்காலத்துச் சாதனங்கள் பலவும் அணைந்தபின்னும் அரைத்துயிலிலேயே இருக்கின்றன. தொலைக்காட்சிப் பெட்டி தொலைவிலிருந்து வரும் கட்டளையை எதிர்நோக்கி விழித்திருக்கும். அதனோடிணைந்த செட்டாப் பெட்டியும், இணைய இணைப்புக் கருவியும் அத்தகையனவே. வாயில்மணிக்குரிய சிறு டிரான்ஸ்பார்மர், மணி அடித்தாலும் அடியாவிடினும் சூடாகவே இருக்கும். மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர், தன்பால் ஒன்றும் இணைக்கப்படாதபோதும் சிறிதளவு உண்ணும். மின்சாரம் நின்றபோது உதவும் இன்வெர்ட்டர், நிறைந்த மின்கலத்தையும் நிறைந்தபடியே வைத்திருக்க இடைவிடாது சிறிது மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். வீட்டைப் பூட்டிச் செல்வோர் பெரும்பாலும் மறப்பது இவ்வின்வெர்ட்டரையே. ஏனெனில் அது மாடிப்படியின் கீழே மறைந்திருக்கின்றது.

கணக்கிட்டு நோக்குவோம். இவையெல்லாம் சேர்ந்து 7 வாட் மட்டும் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 168 வாட்மணி. 60 நாளைக்கு 10,080 வாட்மணி. அஃதாவது 10 யூனிட்டுக்கு ஒரு சிறிது அதிகம். நம் வீட்டின் புதிருக்கு இங்கேயே விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆயினும், ஊர்ந்து சென்ற தட்டும் இதே 10 யூனிட்டைக் காட்டிற்றன்றோ? ஆகவே எண்ணிக்கை ஒன்றை மட்டும் கொண்டு காரணத்தைத் துணிதல் இயலாது.

சில வீடுகளில் சுவிட்சை நிறுத்தியபின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுக்குவதைப் பலரும் கண்டிருக்கலாம். சுவிட்சில் அமைந்த சிறு சிவப்பு அடையாள விளக்கின்வழிக் கசியும் மிகச் சிறு மின்சாரம் அதற்கு ஒரு காரணம். அதனால் கணக்கில் ஏறுவது மிகமிகச் சிறிது. ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. பேஸ் கம்பியில் இருக்கவேண்டிய சுவிட்சு தவறாக நியூட்ரல் கம்பியில் அமைந்துவிட்டால், சுவிட்சை நிறுத்தியபின்னும் விளக்குவரையில் பேஸ் வந்து நின்றுகொண்டேயிருக்கும். அணைந்த விளக்கை மாற்ற ஏணியில் ஏறுபவர்க்கு இஃது எத்துணை இடரானது என்பதைக் கூறவும் வேண்டுமோ? ஆகவே இம்மினுக்கலை வேடிக்கையாகக் கொண்டுவிடாது, சுவிட்சு எக்கம்பியில் அமைந்தது என்று ஒயர்மேன் ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுதல் நன்று.

பிறர் சுமை நம் மானியில்

மூன்றாவது கூற்று அண்டை வீட்டாருடையது. பிறர் திருடுதல் உலகில் இல்லாததன்று. ஆனால் திருட்டென்னும் எண்ணமே இன்றிப் பிறர் செலவு நம் மானியில் ஏறுதல் அதனினும் மிகுதி. மாடிப்படி விளக்கும், பொதுக் கிணற்று மோட்டாரும், என்றோ ஒருநாள் அவசரத்துக்காக யாரோ ஒருவர் இணைப்பிலிருந்து எடுக்கப்பட்டு, அவ்வாறே மறக்கப்பட்டு நிற்பது உண்டு. வீட்டை இரு பகுதியாகப் பிரித்து வாடகைக்கு விட்டபோது, சுவரினுள் சென்ற பழைய கம்பி மட்டும் பிரிக்கப்படாமல் நின்றுவிடுவதும் உண்டு.

இதனினும் நுட்பமானது நியூட்ரல் கலப்பு. மின்சாரம் பேஸ் கம்பியின்வழி வந்து, நியூட்ரல் கம்பியின்வழித் திரும்பும். ஒவ்வொரு வீட்டின் நியூட்ரலும் அவ்வவ்வீட்டு மானியின் வழியாகவே திரும்புதல் முறை. பல வீடுகள் உள்ள கட்டடத்தில் இரு வீட்டு நியூட்ரல்கள் மானிக்கு அப்பால் எங்கேனும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால், அண்டை வீட்டார் எரிக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு நம் மானியின் நியூட்ரல் வழியே திரும்பிச் செல்லும். பழைய மானிகள் பேஸ் கம்பியை மட்டும் நோக்கின. ஆதலால் இதனை அவை அறியா. இக்காலத்து மானிகள் பலவும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒப்பிட்டு நோக்கி, எதில் மிகுதியோ அதனையே கணக்காகக் கொள்கின்றன. கள்ளத்தனமாக மண்ணின்வழி மின்சாரத்தைத் திருப்பி ஏமாற்றுவோரைப் பிடிக்க அமைத்த காவல் இது. அக்காவலிலே, யாதும் அறியாத வீட்டாரும் சில வேளை சிக்கிக்கொள்கின்றனர். இரண்டும் ஒவ்வாதபோது எரியும்படி ஓர் அடையாள விளக்கும் சில மானிகளில் அமைந்துள்ளது. அவ்விளக்கு எரிந்தால், நியூட்ரல் கலப்போ, நிலத்திற் கசிவோ இரண்டில் ஒன்று உண்டெனக் கொள்ளலாம்.

வாடகை வீடுகளில் வீட்டுக்காரர் தனியே ஒரு துணைமானி வைப்பது வழக்கம். மானி ஒவ்வொன்றும் தான் இயங்குதற்குச் சிறிது மின்சாரம் உண்ணும். தன் ஊணைத் தன் கணக்கில் ஏற்றாதவாறு அதன் இணைப்பு அமைந்திருப்பது இயல்பு. ஆனால் துணைமானியின் ஊண் முதன்மானியின் கணக்கில் ஏறும். அது 1 வாட் என்றால், இரு திங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். சிறு தொகையே, எனினும் இரண்டு மானிகளின் கணக்கு ஏன் ஒவ்வவில்லை என்று பூசலிடுவோர்க்கு இதனை அறிந்துகொள்ளுதல் பயன் தரும்.

மண்ணிற் கசியும் மின்சாரம்

நிற்க. நான்காவது காரணத்துக்கு இப்பொழுது வருவோம். குடத்தில் வெடிப்பிருந்தால் நீர் கசிகின்றது. தரை நனைந்து நமக்கு அறிவிக்கின்றது. கம்பியின் மேலுறை வெடித்தால் மின்சாரம் கசிகின்றது, ஒன்றும் நனைவதில்லை, ஒன்றும் ஒலிப்பதில்லை. ஆண்டுபல சென்ற கம்பியுறை காய்ந்து உதிர்தலும், எலி கடித்தலும், மழைக்காலத்தில் சுவர் ஊறுதலும், வெந்நீர் காய்ச்சும் கெய்சரினுள் இருக்கும் சூடேற்றி வெடித்தலும், ஆழ்துளைக் கிணற்றில் அமிழ்ந்த மோட்டாரின் கம்பி பழுதுறுதலும் இதற்குக் காரணம். பேஸ் கம்பியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் நியூட்ரலை நாடாது, சுவரின் ஈரத்தையோ எர்த்துக் கம்பியையோ பற்றி மண்ணிற் சென்றுவிடுகின்றது. கசிவு சுவிட்சுக்கு முன்னுள்ள கம்பியில் இருந்தால், எல்லாச் சுவிட்சுகளும் நிறுத்தப்பட்டிருப்பினும் அது நில்லாது. மானியைக் கடந்தே அது செல்லுதலால், மானி அதனைக் கணக்கிடுகின்றது.

மனித உடலைக் காத்தற்பொருட்டு வீடுகளில் அமைக்கும் கசிவுக் காப்புச் சாதனத்தை மக்கள் ஈ.எல்.சி.பி. என்று வழங்குவர். அது 30 மில்லி ஆம்பியர் கசிவு ஏற்படுமுன் மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைக்கப்படும். அவ்வளவுக்கு மேற்பட்ட மின்னோட்டம் உடலில் நிலைத்துப் பாய்ந்தால் உயிர்க்கு இடர் என்பதே அவ்வெல்லையின் கருத்து. இந்த 30 மில்லி ஆம்பியர், 230 வோல்ட் அழுத்தத்தில், இரு திங்கள் இடைவிடாது மண்ணிற் கசிந்தால் மானியில் ஏறுவது எவ்வளவு? 6.9 வாட், நாளொன்றுக்கு 165.6 வாட்மணி, 60 நாளைக்கு 9.936 யூனிட். அஃதாவது, ஏறக்குறைய 10 யூனிட்!

வாசகர் இவ்விடத்தில் சற்றுத் தங்கி எண்ணவேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியின் அரைத்துயிலுக்கு ஆன கணக்கும் 10 யூனிட். ஓர் உயிரைக் கொள்ளவல்ல கசிவுக்கு ஆன கணக்கும் 10 யூனிட். கட்டணச் சீட்டில் இவ்விரண்டுக்கும் வேற்றுமை சிறிதும் இல்லை. கெய்சரின் எர்த்துக் கம்பி செம்மையாக இருக்குமளவும் அக்கசிவு அமைதியாக மண்ணுக்குச் சென்றுகொண்டிருக்கும். எர்த்து அறுந்த நாளில், ஈரக்கையுடன் அதனைத் தொடுபவர் உடலே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். அந்நாள் வரும்வரையில், கசிவு உண்டென்பதற்கு வீட்டில் எழும் அறிகுறி மானியில் ஏறும் அச்சிறு எண் ஒன்றேயாதலும் கூடும். "பத்து யூனிட் தானே" என்று தள்ளுதல் எத்துணைத் தவறு என்பது இதனால் விளங்கும்.

ஆராயும் முறை

காட்சி, கருதல், உரை என அளவை மூன்றெனத் தமிழ்த் தருக்க நூலார் கூறுவர். கண்ணாற் காண்பது காட்சி. கண்டதைக்கொண்டு காணாததைத் துணிவது கருதல். நம்பத்தக்கார் கூறுவது உரை. நம் வீட்டில் மூவரும் வாதிட்டது உரையளவில் நின்ற வாதம். காட்சியும் கருதலும் அங்கு இடம்பெறவில்லை. அவற்றை இப்பொழுது கைக்கொள்வோம். இதற்கு வேண்டுவன ஒரு கடிகாரமும், ஒரு துண்டுக் காகிதமும், சிறிது பொறுமையுமே.

முதலாவது, மானி நம்முடையதுதானா என்று அறிதல் வேண்டும். பல வீடுகளின் மானிகள் ஒரே பலகையில் இருக்குமிடத்தில் எண்கள் மாறிக் கிடத்தல் உண்டு. நம் வீட்டில் ஓர் இஸ்திரிப் பெட்டியையோ கெய்சரையோ சிறிது நேரம் இயக்கி, எம்மானி விரைகின்றது என்று நோக்கினால் உண்மை புலப்படும். மானியின் எண்ணையும் கட்டணச் சீட்டிலுள்ள எண்ணையும் ஒப்பிடுதலும் அவசியம். தட்டு மானிகள் பலவற்றில் இறுதியிலுள்ள சிவப்பு எண் யூனிட்டின் பத்தில் ஒரு பங்கு என்பதை மறந்து, பத்து மடங்காகப் படிப்பாரும் உளர்.

இரண்டாவது, எல்லாச் சுவிட்சுகளையும் நிறுத்துவதோடு அமையாது, பிளக்குகளையும் பிடுங்கிவிடவேண்டும். இன்வெர்ட்டரையும் வாயில்மணியையும் நினைவிற் கொள்க. பின்பு 15 நிமிடமேனும் மானியை நோக்குக. தட்டு மானியாயின், தட்டிலுள்ள கறுப்புக்குறி ஒரு சுற்றுக்கு மேல் வருகின்றதா என்று பார்க்கவேண்டும். நடை மந்தமாயின் அரை மணி நேரமும் ஆகலாம். மின்னணு மானியாயின், இமைப்புக்களை எண்ணி எழுதுக. 7 வாட் செலவுக்கு, 3200 இமைப்பு மானி 2 நிமிடம் 40 வினாடிக்கு ஒருமுறை இமைக்கும். சில மானிகளில் செலவே இல்லாதபோது செவ்விளக்கு இமையாமல் எரிந்துகொண்டே நிற்கும். அதனை ஓட்டமெனக் கருதி அஞ்சவேண்டா.

மூன்றாவது, மானியின் ஓட்டம் நிற்கவில்லையாயின், மெயின் சுவிட்சை நிறுத்துக. இங்கே கருதலளவை தொடங்குகின்றது. மெயினை நிறுத்தியபின்னும் மானி ஓடினால், குற்றம் மானியில் இருக்கலாம்; அன்றி மானிக்கும் மெயினுக்கும் இடைப்பட்ட கம்பியில் கசிவோ பிறர் இணைப்போ இருக்கலாம். நம் மெயின் பேஸை மட்டும் துண்டிப்பதாயின், நியூட்ரல் கலப்பும் அங்ஙனம் ஓடச் செய்யும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பதாயின் செய்யாது. மெயினை நிறுத்தியவுடன் மானியும் நின்றால், காரணம் மெயினுக்கு இப்பால் வீட்டினுள்ளே என்பது தெளிவு.

நான்காவது, காரணம் உள்ளே எனின், பியூசுகளையும் கிளைச் சுவிட்சுகளையும் எல்லாம் நிறுத்தி, மெயினை இட்டு, பின்பு ஒவ்வொன்றாக இயக்கி மானியை நோக்குக. எக்கிளையை இட்டவுடன் மானி ஓடத் தொடங்குகின்றதோ அக்கிளையிலே கள்வன் இருக்கின்றான். அக்கிளையில் மறந்த சாதனம் ஒன்று கிடைத்தால் அச்சம் தீர்ந்தது. ஒன்றும் கிடைக்கவில்லையாயின், கசிவு என்றே கொண்டு, அக்கிளையை நிறுத்திய நிலையிலேயே விட்டு, உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்தல் வேண்டும். அவர் மெக்கர் என்னும் கருவியால் கம்பியுறையின் வலிமையை அளந்து கூறுவார். சுவரைத் தொட்டுப் பார்த்தும், கம்பியைக் கிள்ளிப் பார்த்தும் நாமே கசிவைத் தேட முற்படுதல் அறிவீனம்.

ஐந்தாவது, குற்றம் மானியிலே என்று தோன்றினால், அதன் முத்திரையை ஒருபோதும் உடைத்தலாகாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி மானியிற் கைவைத்தல் குற்றம். மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தால் முறையிட்டு, மானியைச் சோதிக்கவேண்டும் என்று கேட்டல் நுகர்வோர்க்குரிய வழி. அப்பொழுது, "மானி பொய் சொல்கின்றது" என்று மட்டும் எழுதாமல், இன்ன நாளில், இன்ன நேரத்தில், மெயினை நிறுத்திய நிலையில், இத்தனை நிமிடத்தில் இத்தனை சுற்று அல்லது இத்தனை இமைப்புக் கண்டோம் என்று எழுதினால், அம்முறையீட்டைத் தள்ளுதல் எவர்க்கும் எளிதன்று. எண்ணுக்கு எண்ணே விடை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒன்றும் இணைக்கப்படாதபோது மின்மானி ஓடுதற்கு மானியின் ஊர்தல், மறந்த சாதனம், பிறர் சுமை, மண்ணிற் கசிவு என நான்கு பெருங்காரணங்கள் உள என்பது விளங்கும். முதல் மூன்றும் பொருளிழப்பு. நான்காவது உயிரிழப்புக்கு வாயில். நான்கும் மானியின் முகத்தில் ஒரே எண்ணாகத் தோன்றும். அவற்றைப் பிரித்தறியும் திறம் மானிக்கு இல்லை, நோக்குபவர்க்கே உண்டு. "ஒன்றும் இணைக்கப்படவில்லை" என்பதும் நாம் சொல்லும் ஓர் உரையேயன்றி, ஆராய்ந்து கண்ட காட்சியன்று. மானியைப் பொய்யன் என்று கூறுமுன் நம் சொல்லையும் சோதித்துக்கொள்ளுதல் நேர்மையாகும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் தோழர்கள் ஒவ்வொருவரும், தம் வீட்டில் ஒரு மாலைப் பொழுதில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு கால்மணி நேரம் மானியின் முன் நின்று நோக்குமாறு வேண்டுகின்றோம். பாட்டி தனித்து வாழும் பழைய வீடுகளிலும், மழையில் ஊறும் ஓட்டு வீடுகளிலும் இதனை முதற்கண் செய்தல் நன்று. மானி நின்றிருந்தால் மகிழ்ந்து திரும்புக. இமைத்துக்கொண்டிருந்தால், அவ்விமைப்பு எதற்கென்று அறியும்வரையில் குளியலறையிலுள்ள கெய்சரைத் தொடவேண்டாவென வீட்டார்க்குச் சொல்லி, அடுத்த நாட் காலையில் ஒயர்மேனை அழைத்து வருக.